டிரைவ் உச்சத்தில் இருக்கும் பெட்டையை அதே போன்ற கடுவனோடு சேர்க்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. மூன்று வயது மாலினோய்ஸ் பெட்டை நாய்; மாலினோய்ஸ் என்பது போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் பெல்ஜிய இனம். பயிற்சி மைதானத்தில் அதற்கு ஈடு கிடையாது, மற்ற பயிற்சியாளர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஒரு நிமிடம் உட்காராது. அதைவிடக் கூடுதல் டிரைவ் உள்ள ஒரு கடுவனோடு சேர்த்தால் குட்டிகளுக்கு இப்போதே ஆள் காத்திருக்கிறது என்கிறார்கள். "இதில் ஏதோ இடிக்கிறது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா?"

அதிகமாக யோசிக்கவில்லை. இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தால் இல்லை, அதனால் கொஞ்சம் சுற்றிப் போய்ச் சொல்கிறேன்.

டிரைவ் என்ற சொல்லுக்குத் தமிழில் பொருந்தும் சொல் எனக்குச் சிக்கவில்லை. துடிப்பு என்றால் போதவில்லை, வெறி என்றால் நோயின் பெயராகிவிடுகிறது. மைதானத்தில் எல்லோரும் டிரைவ் என்றே சொல்கிறோம். துரத்த வேண்டும், பிடிக்க வேண்டும், தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற உந்துதல் அது. சாதாரண நாய்க்குப் பந்து எறிந்தால் பத்து தடவை எடுத்து வரும், பதினோராவது தடவை நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். டிரைவ் மிகுந்த நாய்க்குப் பதினோராவது தடவையும் முதல் தடவைதான். நூறாவதும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட நாயை உருவாக்குவதே இயற்கைக்கு மாறானது, கொடுமை என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஆடு மேய்க்க, மோப்பம் பிடிக்க, வண்டி இழுக்க என்று மனிதன் நாயைத் தேர்ந்தெடுத்து வளர்த்து ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகின்றன. மடியில் தூங்கும் குட்டி நாயும் அதே கைவேலையின் விளைவுதான். அதோடு, டிரைவ் குறைந்த நாயை வேலைக்கு இழுத்து வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பந்து வேண்டாம், தேடவும் பிடிக்காது. அப்போது பயிற்சியாளர் கையில் மிஞ்சுவது கழுத்துச் சங்கிலியும் மிரட்டலும்தான். பழைய காலப் பயிற்சி முறைகள் அவ்வளவு முரட்டுத்தனமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ரப்பர் பந்துக்காக மணிக்கணக்கில் இடிபாடுகளுக்குள் தேடும் நாய்க்கு அடிக்காமலே பயிற்சி கொடுக்க முடிகிறது. டிரைவ் நாய்க்கு நல்லதும் செய்திருக்கிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் இடிபாடுகளில் வேலை செய்த மீட்பு நாய்களைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சிந்தியா ஓட்டோ குழுவினர் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அந்தத் தூசியிலும் புகையிலும் வேலை செய்த நாய்களின் ஆயுள், அங்கே போகாத அதே வகை நாய்களோடு ஒப்பிடும்போது குறைந்துவிடவில்லை. வேலை நாயின் வாழ்க்கை என்றாலே பாவப்பட்ட வாழ்க்கை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, அப்படியென்றால் எங்கே இடிக்கிறது?

"பாருங்கள், அதற்கே எவ்வளவு பிடித்திருக்கிறது" என்ற வாக்கியத்தில் இடிக்கிறது. டிரைவ் பற்றிய எந்த வாக்குவாதமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். வால் ஆடுகிறது, உடம்பு நடுங்குகிறது, வேலைக்குப் போகத் துடிக்கிறது, அப்புறம் என்ன கொடுமை என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பதில் சொல்ல முடியாத கேள்விதான்.

அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிடராட் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் நாய்கள் சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடுகின்றன. கிளம்பும் இடத்தில் நாய்கள் ஊளையிட்டுத் துள்ளி வாரை இழுக்கும். பிடித்து நிறுத்தப் பல ஆட்கள் வேண்டும், வண்டியைப் பனியில் கொக்கி குத்தி நிறுத்தி வைக்க வேண்டும். இதைவிட வெளிப்படையான விருப்பத்தை ஒரு மிருகம் காட்டவே முடியாது. ஆனால் இப்படி நெடுந்தூரம் ஓடி முடித்த நாய்களின் வயிற்றுக்குள் கால்நடை மருத்துவர்கள் குழாய் விட்டுப் பார்த்தபோது கணிசமான நாய்களுக்கு இரைப்பையில் புண் இருந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லை. சாப்பிட்டன, ஓடின, இன்னும் ஓடத் தயாராக நின்றன. அதன் பிறகுதான் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைப் போட்டி நாய்களுக்குக் கொடுக்கும் பழக்கம் வந்தது.

லாப்ரடார்களில் இன்னும் தெளிவான ஒரு விஷயம் இருக்கிறது. வேட்டைக்கென்று வளர்க்கப்படும் லைன்களில், அதாவது வம்சங்களில், சில நாய்கள் பத்துப் பதினைந்து நிமிடம் மிகுந்த உற்சாகத்தோடு ஓடினால் பின்னங்கால் தள்ளாடி விழுந்துவிடும். டிஎன்எம்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அது வந்தால்தான் நோய். இதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பின்னங்கால்கள் செத்துப்போனது போல இழுபடும், ஆனால் முன்னங்கால்களால் நாய் தவழ்ந்துகொண்டே எறிந்த பொருளை நோக்கிப் போகும். அதன் முகத்தில் பயமோ வலியோ தெரியாது, கண் அந்தப் பொருளின் மேலேயே இருக்கும். அந்த நேரத்தில் நிறுத்தாவிட்டால் சில நாய்கள் செத்தும் போகின்றன. நிதானமான நாய்க்கு அதே மரபணுக் குறை இருந்தாலும் அது வாழ்நாள் முழுக்க ஒரு தடவைகூட விழாமல் இருந்துவிடலாம். குறையை வெளியே கொண்டுவருவது உற்சாகம்தான்.

என் கையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு ஒரு இளம் மாலினோய்ஸ் பெட்டையைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தண்ணீர் குடிக்காது. தாகம் இல்லாமல் இல்லை, நாக்கு நுனி அகன்று அகப்பை மாதிரி தொங்கும், ஆனால் கண் பந்திருக்கும் பையில். கடைசியில் பந்தை வாளித் தண்ணீருக்குள் போட்டேன். அதை எடுக்க மூக்கை விட்டபோது வாய்க்குள் போனதுதான் அன்றைக்கு அது குடித்த தண்ணீர். பயிற்சி முடிந்து சிமெண்ட் தரையில் நடக்கவிட்டபோது நாலைந்து அடிக்கு ஒரு சிவப்புத் தடம். முன்னங்கால் இரண்டிலும் பாதத் தோல் பிய்ந்திருந்தது. எப்போது பிய்ந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அது ஒரு தடவைகூட நொண்டவில்லை. அன்று இரவு கூண்டுக்குள் அந்தக் காலோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது.

அந்த நாய்க்கு வேலை பிடித்திருந்ததா? மூளையைப் படிப்பவர்கள் இங்கே ஒரு வித்தியாசம் சொல்கிறார்கள். கென்ட் பெரிட்ஜ் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளில் காட்டியது இது: ஒன்றை வேண்டும் என்று தேடுவதும், அது கிடைத்தபின் சுகமாக இருப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள். டோபமைன் பெரும்பாலும் முதலாவதற்குத்தான். ஒன்றைக் கூட்டினால் மற்றது கூடவே கூடும் என்று இல்லை. நாம் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் கூட்டிக்கொண்டு வருவது தேடலை. அது சுகத்தையும் சேர்த்துக் கூட்டுகிறதா என்று யாரும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. பார்க்கவும் அளவுகோல் இல்லை.

அதனால் நாயின் ஆர்வத்தை அதன் சம்மதமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. மற்ற நாய்களின் ஆர்வத்தை ஓரளவு எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த நாய்கள் வேண்டாம் என்றும் சொல்லும், படுத்துக்கொள்ளும், முகத்தைத் திருப்பும். வேண்டாம் என்று சொல்லும் திறனைத்தான் இந்த லைன்களில் நாம் சலித்து வெளியே எறிந்திருக்கிறோம். எறிந்த பிறகு "வேண்டாம் என்று அது சொல்லவே இல்லையே" என்பது போங்கு ஆட்டம்.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு டிரைவ் கூடாது என்பது இல்லை. பிரேக்கைக் கழற்றியவன்தான் பிரேக்காக இருக்க வேண்டும். ஒரு நல்ல ஹேண்ட்லர், அதாவது நாயைக் கையில் வைத்து வேலை வாங்குபவர், அப்படித்தான் இருக்கிறார். எப்போது நிறுத்துவது, எப்போது தண்ணீர், எப்போது நிழல் என்று நாய்க்காக அவர் முடிவு செய்கிறார். ஆனால் நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்கும் பிரீடர் ஒரு ஈற்றுக்கு ஏழெட்டுக் குட்டிகளை வெளியே அனுப்புகிறார், ஏழெட்டு நல்ல ஹேண்ட்லர்களை அனுப்புவதில்லை. ஆகவே பிரேக்கில் ஒரு பகுதியாவது நாய்க்குள்ளேயே இருக்க வேண்டும். மைதானத்தில் இதை ஆஃப் சுவிட்ச் என்போம். வேலை வந்தால் எரிய வேண்டும், முடிந்தால் அணைய வேண்டும். நான் பார்த்த மிகச் சிறந்த நாய்களில் ஒன்று ஒரு கிழட்டுப் பெட்டை. அதன் வேலைக் கழுத்துப்பட்டையை எடுக்கும்வரை மேஜைக்கடியில் குறட்டை விடும். பட்டையின் கொக்கிச் சத்தம் கேட்டால் வேறு நாய். சிலர் அதைச் சோம்பேறி என்று நினைத்து ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஒரு பழைய கதை உண்டு. ஆடு மேய்க்கும் இன்றைய பார்டர் கோலி இனத்தின் மூலத் தகப்பன் என்று சொல்லப்படும் நாய் ஓல்டு ஹெம்ப். 1893-ல் வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்தது. சத்தம் போடாமல் கண்ணாலேயே மந்தையை நகர்த்தும், வேலை செய்யும்போது உள்ளே இருக்கும் வேகத்தில் உடம்பே நடுங்கும் என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 200-க்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தகப்பன். ஆனால் அதன் தாய் தகப்பனைக் கவனியுங்கள். தாய் மெக், பார்வை அளவுக்கு மீறி இறுகி நிற்கும் நாய். தகப்பன் ராய், சாதுவான, வேலைக்கு மட்டும் வேலை செய்யும், பார்வையில் பெரிய வசியம் எதுவும் இல்லாத நாய். டெல்ஃபர் மெக்கை இன்னொரு மெக் போன்ற நாயோடு சேர்க்கவில்லை. அதிகமாக இருந்ததைக் குறைவாக இருந்ததோடு சேர்த்தார். அப்படி வந்ததுதான் நூற்றுச் சொச்சம் வருடமாக எல்லோரும் துரத்தும் அந்த நாய். ஆடு மேய்ப்பவருக்கு இது தத்துவம் இல்லை, தேவை. இறுகிப்போய் ஆட்டின் முன்னே சிலை மாதிரி நிற்கும் நாயை வைத்துக்கொண்டு அவரால் மந்தையைப் பட்டிக்குக் கொண்டுபோக முடியாது. தவறான சேர்க்கைக்கு அவரே மறுநாள் காலை விலை கொடுப்பார்.

இன்று அந்த விலையைக் கொடுப்பது வேறு யாரோ. போட்டி மைதானத்தில் நாய் இருபது நிமிடம் இருக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது வேகம், கடியின் பிடி, நெருப்பு. மீதி இருபத்து மூன்று மணி நாற்பது நிமிடம் அது எப்படி இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தை வடிவமைத்த மேக்ஸ் வான் ஸ்டெஃபனிட்ஸ் 1899-ல் சங்கம் தொடங்கி, வேலைச் சோதனையைக் கொண்டுவந்ததன் நோக்கமே எந்த நாயை இணை சேர்க்கலாம் என்று சலிப்பதுதான். சலிக்க வந்த சல்லடை பிறகு தானே ஒரு விளையாட்டாகி, விளையாட்டு தனக்கென்று நாய்களைக் கேட்க ஆரம்பித்தது. மூன்று மதிப்பெண் கூடுதலாக வாங்கும் நாய்க்கு ஐம்பது பெட்டைகள் வரும். அதன் குட்டிகள் அடுத்த வருடம் அந்த மதிப்பெண்ணையே சராசரியாக்கிவிடும். அதற்கு மேலே போக இன்னும் சூடான நாய் வேண்டும்.

இந்த ஓட்டத்தில் கலந்துவிடும் ஒரு பெரிய குழப்பம் உண்டு. டிரைவ் மாதிரித் தெரிவதெல்லாம் டிரைவ் இல்லை. பதற்றமும் அதே போலத்தான் தெரியும். கூண்டுக்குள் சுற்றுவது, கீச்சென்று அழுவது, கயிற்றைக் கடிப்பது, நிழலையும் வெளிச்சத்தையும் துரத்துவது, ஹேண்ட்லர் கையையே திரும்பிக் கடிப்பது, இதையெல்லாம் "என்ன டிரைவ் பாருங்கள்!" என்று சிலாகிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சட்டென்று தூண்டப்படும் நாய்க்கும் ஆழமான உந்துதல் உள்ள நாய்க்கும் வித்தியாசம் தெரிய, ஒரு தோல்வியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பந்தை எட்டாத இடத்தில் வைத்தால் முதலாவது கத்தும், சுற்றும், பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும். இரண்டாவது வழி தேடும், தேடி முடியாவிட்டால் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். மாலினோய்ஸ்களில் டோபமைனைக் கடத்தும் மரபணுவின் ஒரு வடிவத்தை எடுத்துச் செய்த ஆராய்ச்சிகளில், அந்த வடிவம் உள்ள நாய்களில் திடீர் ஆக்ரோஷமும், கூப்பிட்டால் காதில் விழாதது போன்ற நிலையும் தொடர்புபட்டுக் காணப்பட்டன. ஒற்றை மரபணுவில் எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனால் தூண்டுதலை மட்டும் பிடித்து இழுத்தால் கூடவே என்னென்ன இழுபட்டு வரும் என்பதற்கு இது ஒரு எச்சரிக்கைப் பலகை.

இனி குட்டிகளுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது.

தாய் தகப்பன் இரண்டும் உச்சத்தில் இருந்தால் எட்டுக் குட்டியும் உச்சத்தில் இருக்கும் என்று நினைப்பவர் முதல் ஈற்றிலேயே திருந்திவிடுவார். குணங்கள் பல மரபணுக்களின் கூட்டு விளைவு, ஒரே ஈற்றிலேயே விரிந்து கிடக்கும். கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நீங்கள் கனவு கண்ட நாய். இரண்டு, அனுபவசாலி கையில் நல்ல வேலை நாயாகும். மூன்று, டிரைவ் இருந்தும் சத்தத்துக்கோ வழுக்கும் தரைக்கோ படிக்கட்டுக்கோ பயப்படும், வேலைக்கு எடுக்க மாட்டார்கள். ஒன்று சாதாரணமாகப் பிறந்து தப்பித்துக்கொள்ளும். மிச்சம் ஒன்று, எதற்கும் அடங்காமல் எதிலும் நிலைக்காமல் இருக்கும். விளம்பரத்தில் வருவது முதல் குட்டி. சேர்க்கை சரியா தவறா என்று தீர்மானிப்பது கடைசி நாலைந்து குட்டிகள். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களை ஒழுங்காகக் கணக்கு வைத்து வளர்க்கும் பெரிய அமைப்புகளிலேயே, பயிற்சிக்குப் போகும் நாய்களில் கிட்டத்தட்ட பாதி வேலைக்குத் தேறுவதில்லை. ஆனால் அங்கே தேறாத நாய் ஒரு சாந்தமான லாப்ரடார். அடுத்த வாரமே ஏதோ ஒரு வீட்டின் செல்லமாகிவிடும், அதைக் கேட்டு வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். தேறாத மாலினோய்ஸுக்கு அந்த மெத்தை கிடையாது. தேறிய நாய்க்கு இருக்கும் அதே பல்லும் அதே வேகமும் அதற்கும் இருக்கிறது. இல்லாதது வேலை ஒன்றுதான்.

காத்திருக்கும் ஆட்கள் யார் என்பதையும் விசாரியுங்கள். 2011-ல் ஒசாமா பின் லேடன் வேட்டையில் போன கெய்ரோவும், 2019-ல் ஐஎஸ் தலைவர் பாக்தாதி வேட்டையில் போன கோனனும் மாலினோய்ஸ்கள். கோனனின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கமாண்டோ நாய் என்று கேட்டு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியது அந்தப் படம். எட்டு மாதத்தில் குட்டி சோபாவைக் கிழித்து, விருந்தாளியின் குழந்தை ஓடியதைத் துரத்திப் பிடித்த அன்று உங்களுக்கு போன் வரும். அல்லது வராது. எனக்கு வந்த அப்படிப்பட்ட போன்களில் "திருப்பி எடுத்துக்கொள்ள வளர்த்தவர் மறுத்துவிட்டார்" என்ற வாக்கியம் இல்லாத போன் அபூர்வம்.

வேலைக்குப் போன குட்டிக்கும் ஒரு கடைசிக் காலம் உண்டு. அமெரிக்க ராணுவ நாய்களை ஓய்வுக்குப் பிறகு தத்தெடுக்க வழி செய்த சட்டம் 2000-ல்தான் வந்தது, அதுவரை வயதான நாய்க்கு ஊசி போட்டு முடிப்பதுதான் வழக்கம். இதற்கு மேல் இதை நீட்டவில்லை. பத்து வயதில் இடுப்பு போன பிறகும் பந்து கேட்கும் நாயை யார் வைத்துக்கொள்வது என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு எதிராக இரண்டு வாதம் உங்கள் காதில் விழும். ஒன்று, நீங்கள் செய்யாவிட்டால் வேறு ஒருவர் இன்னும் மோசமாகச் செய்வார். செய்யட்டும். அது அவர் பாடு. இரண்டாவது கொஞ்சம் சாமர்த்தியமானது: இந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் அந்தக் குட்டி பிறந்தே இருக்காது, பிறந்து கஷ்டப்படுவது பிறக்காமல் இருப்பதைவிட மேல்தானே? பிறக்காத குட்டிக்கு எதுவும் நஷ்டமில்லை, அதற்காக யாரும் அழ வேண்டியதில்லை. பிறந்து கூண்டில் சுற்றும் குட்டிக்கு நஷ்டம் இருக்கிறது. தத்துவக்காரர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பார்கள், ஆனால் எந்தக் கடுவனைத் தேர்ந்தெடுப்பது என்று நிற்கும் ஆளுக்கு இவ்வளவு போதும்.

அப்படியானால் உங்கள் பெட்டையை என்ன செய்வது?

முதலில், இனத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2022-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை எடுத்துப் பார்த்து, ஒரு நாயின் நடத்தையில் தெரியும் வித்தியாசங்களில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனம் விளக்குகிறது என்று சொன்னது. வீட்டு நாய்களை வைத்துச் செய்தது, இறுக்கமாகத் தேர்ந்தெடுத்த வேலை லைன்களுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் மாலினோய்ஸ் என்றால் இப்படித்தான் என்று சமாதானம் சொல்லி அந்த நாயின் குறையை மறைக்க முடியாது என்பதற்கு அது போதும். உட்காரத் தெரியாதது உங்கள் பெட்டையின் குறை. அந்தக் கடுவனுக்கும் அதே குறை இருந்தால் குட்டிகள் உட்கார எங்கிருந்து கற்றுக்கொள்ளும்?

அதே பெட்டையின் கூடப் பிறந்தவை எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். ஒரு சாம்பியனைவிட ஏழு சகோதரர்கள் அதிக உண்மை சொல்வார்கள். எத்தனை வீடு மாறின, எத்தனை கடித்தன, எத்தனை உயிரோடு இருக்கின்றன. கடுவனின் முந்தைய குட்டிகளையும் இதே போல விசாரியுங்கள். கடுவனை வைத்திருப்பவர் வெற்றி பெற்ற குட்டிகளின் பெயரை மட்டும் சொன்னால், மற்றவை பற்றி மூன்று தடவை கேளுங்கள். மூன்றாவது தடவை அவர் முகம் போகும் போக்கு உங்களுக்குப் பாதி பதில்.

அப்புறம் கடுவனை மாற்றுங்கள். டெல்ஃபர் செய்ததைச் செய்யுங்கள். வேலை தெரிந்த, ஆனால் வேலை முடிந்தால் படுத்துத் தூங்கும், சத்தத்துக்கு அசையாத, கொஞ்சம் மந்தம் என்று பேரெடுத்த ஒரு கடுவன் எங்காவது இருக்கும். அதற்கு வரிசை இருக்காது. உங்கள் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கடுவன் பெயரைக் கேட்டதும் போய்விடுவார்கள். போகட்டும், மிஞ்சும் பாதிதான் உங்களுக்கு வேண்டியவர்கள். குட்டி எந்த வயதில் எந்தக் காரணத்துக்குத் திரும்பி வந்தாலும் எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுங்கள், அதற்கு எத்தனை கூண்டு உங்களிடம் காலியாக இருக்கிறது என்று எண்ணிவிட்டு எழுதிக் கொடுங்கள்.

ஆனால் இதெல்லாம் அந்தப் பெட்டையால் அணையவே முடியாதா, இல்லை அணைய யாரும் கற்றுக் கொடுக்கவில்லையா என்று தெரிந்த பிறகு. மூன்று வருடமாக அது அசையும்போதெல்லாம் பந்து வந்திருந்தால் குற்றம் நாயிடம் இல்லை. சுவீடனில் வேலை நாய்ச் சங்கம் 1989 முதல் நடத்தும் குணச் சோதனையில் நாயின் முன்னே திடீரென்று உருவத்தைத் தூக்கி நிறுத்துவார்கள், தகரத்தில் சங்கிலியை இழுப்பார்கள், துப்பாக்கி வெடிப்பார்கள். எனக்குப் பிடித்தது இது எதுவும் இல்லை. நடுவில் ஒரு கட்டத்தில் ஹேண்ட்லர் சில நிமிடம் ஒன்றுமே செய்யாமல் சும்மா நிற்க வேண்டும், நாய் என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

நீங்கள் அதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஆறு வாரம், தினமும் வேலை முடிந்த பிறகு. பந்தை அது பார்க்கும்படியே அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். கயிற்றை நாற்காலிக் காலில் கட்டி, அதே நாற்காலியில் உட்கார்ந்து எதையாவது படியுங்கள். அதட்ட வேண்டாம், கொஞ்ச வேண்டாம், நாற்பது நிமிடம் அது இல்லாதது போல இருங்கள். முதல் வாரம் அழும், கயிற்றை இழுக்கும், நாற்காலியையே நகர்த்தும். எந்த நிமிடத்தில் வயிறு தரையில் பட்டது, எந்த நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, எந்த நிமிடத்தில் பெருமூச்சு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண்கள் வாரா வாரம் இறங்குகிறதா பாருங்கள். ஆறாவது வாரமும் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றால் கருத்தடை செய்துவிட்டு அதை நீங்களே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், மைதானத்தில் உங்களுக்கு அதைவிட நல்ல துணை கிடைக்காது. படுத்துத் தூங்கினால் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், கடுவனைப் பற்றி அப்போது பேசலாம்.